ஆறு வாரமாக இருமல், ஆனால் ஆஸ்துமாவா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

வட்டார_செவிலி
நாலு வயசுப் பெண் குழந்தை, எடை 15 கிலோ. ஆறு வாரமா இருமல். காய்ச்சல் இல்லை, எடை குறையலை, நல்லா விளையாடுது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இருமல் கூடுது. ஓடினாலும் சத்தமா சிரிச்சாலும் இருமுது. இதுவரை மூணு சிரப் மாத்தியாச்சு. முதல் டாக்டர் அலர்ஜி இருமல்னார், ரெண்டாமவர் லேசா வீசிங்னார், மூணாவது இடத்துல பிரைமரி காம்ப்ளெக்ஸா (குழந்தைகளுக்கு வர்ற காசநோய்) இருக்கும்னு மாண்டூ (காசநோய்க்கான தோல் ஊசி டெஸ்ட்) போடச் சொல்லியிருக்காங்க. "எந்த டெஸ்ட் எடுத்தா ஆஸ்துமான்னு தெரியும்?" இதுதான் பெற்றோர் கேட்கிற கேள்வி. அவங்க கையில கொடுக்கிற மாதிரி தெளிவான பதில் வேணும்.

பிள்ளைமருத்துவம்
சிஸ்டர், அந்தக் கேள்விக்கு நேரான பதில்: நாலு வயசில் ஆஸ்துமாவை உறுதி செய்யும் ஒற்றை டெஸ்ட் கிடையாது. எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது. வரலாறு, நெஞ்சை ஸ்டெத் வைத்துக் கேட்பது, பிறகு மருந்து கொடுத்தும் நிறுத்தியும் பார்ப்பது, இவ்வளவுதான் வழி. அதனால் டெஸ்டைத் தேடுவதற்கு முன் பெற்றோர் மூன்று விஷயத்தைச் சேகரிக்கட்டும்.

முதலாவது, இருமல் வறட்டா, சளியோடா? குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா, காய்ந்து கேட்கிறதா? காலையில் எழுந்ததும் வரும் முதல் இருமலைப் போனில் பதிவு செய்தால் போதும்.

இரண்டாவது, இடையில் ஒரு வாரமாவது இருமலே இல்லாமல் இருந்ததா? அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொற்றினால் வீட்டில் "மூணு மாசமா இருமல்" என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள்கூட விடாமல் நான்கு வாரத்தைத் தாண்டினால்தான் அது நாள்பட்ட இருமல்.

மூன்றாவது வீடியோ. இருமலும் இரைப்பும் அதிகமாக இருக்கும் நேரத்தில் சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை தெரியும்படி ஒரு முழு நிமிடம். ஓ.பி.க்கு வரும் காலை பத்து மணிக்கு நெஞ்சு சுத்தமாக இருக்கும், டாக்டர் காதில் எதுவும் விழாது. இரவு இரண்டு மணிக்கு நடந்ததற்கு அந்த வீடியோதான் சாட்சி.

மூச்சுமானி
வீசிங் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. மூக்கடைத்துக் கொர்கொர் என்பதையும், தொண்டையில் சளி உருளுவதையும்கூட நம் ஊரில் வீசிங் என்றே சொல்கிறோம். உண்மையான வீசிங் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய விசில். முதுகில் கை வைத்தால் அதிர்வதும், மூக்கைச் சுத்தம் செய்ததும் மறைவதும் அது இல்லை. "வீசிங் இருந்தது" என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். என்ன சத்தம், மூச்சை இழுக்கும்போதா விடும்போதா என்று சொல்லுங்கள். முடிவே அதனால் மாறும்.

வட்டார_செவிலி
கேட்டுட்டேன். அம்மா பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. வறட்டு இருமல்தான். ஒரு வீடியோவுல மூச்சு விடும்போது விசில் லேசா கேட்குது. குழந்தையோட அப்பாவுக்கு சின்ன வயசுல இளைப்பு இருந்திருக்கு. குழந்தைக்கு முழங்கை மடிப்புல கரப்பான்ங்கிற தோல் அரிப்பு வந்து வந்து போகுது.

பிள்ளைமருத்துவம்
இப்போது படம் ஒரு பக்கம் சாய்கிறது. விசில், பின்னிரவு இருமல், ஓட்டத்திலும் சிரிப்பிலும் இருமல், கரப்பான், அப்பாவின் இளைப்பு எல்லாம் சேர்ந்தால் ஆஸ்துமாவின் சாத்தியம் அதிகம். ஆனாலும் மற்றவற்றை முதலில் விலக்க வேண்டும்.

ஈர இருமல் நான்கு வாரம் தாண்டி, மற்றபடி பிள்ளை நன்றாக இருந்தால், மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கியிருக்கும் வாய்ப்பு உண்டு. அதற்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் இரண்டு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் கொடுத்து நிறுத்துவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு வாரத்தில் குறைந்தும் முழுக்க நிற்காவிட்டால் மேலும் இரண்டு வாரம். இந்தப் பிள்ளைக்கு வறட்டு இருமல் என்பதால் இந்த வழி வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை.

காசநோய்ப்பணி
பிரைமரி காம்ப்ளெக்ஸ் பற்றி. தமிழ்நாட்டில் இந்தப் பெயரைச் சொல்லி, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பலருக்கு ஆறு மாதக் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. மாண்டூ தடித்தால் கிருமி உடலுக்குள் எப்போதோ நுழைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள், நோய் இருக்கிறது என்றல்ல. ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள், சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ்.

குழந்தைக்குக் காசநோய் இருக்குமோ என்று நினைக்க வைப்பவை: இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல் அல்லது இருமல், மூன்று மாதத்தில் 5 சதவீதம் எடைக் குறைவு அல்லது எடை ஏறாமல் நிற்பது, கடந்த இரண்டு ஆண்டுக்குள் வீட்டில் யாருக்காவது காசநோய். 15 கிலோ பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது 750 கிராம்தான். அதனால் அங்கன்வாடி எடை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே, பிறகு காலை வெறும் வயிற்றில் எடுக்கும் இரைப்பை நீர் அல்லது வரவழைத்த சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதங்களைப் பார்த்துக் காசநோய் சொல்லும் பரிசோதனை இந்தியாவில் 2012-இலேயே தடை செய்யப்பட்டது. அந்த ரிப்போர்ட்டை வைத்து யாராவது மருந்து தொடங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அரசின் காசநோய் உதவி மையமான நிக்ஷய் இலவச எண் 1800-11-6666.

வட்டார_செவிலி
வீட்டுல யாருக்கும் இல்லை. எடை அட்டையில மூணு மாசத்துல 400 கிராம் கூடியிருக்கு.

காசநோய்ப்பணி
அப்படியானால் ஒரு எக்ஸ்ரே போதும். அது சுத்தமாக இருந்தால் மாண்டூவுக்கு அவசரம் இல்லை.

தென்னந்தோப்பு
யாரும் இன்னும் கேட்காத ஒரு கேள்வி: இருமல் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், புரையேறியது, அதிலிருந்து இருமல்" என்ற மாதிரிப் பதில் வந்தால் பாதை முழுக்க வேறு. வேர்க்கடலை, சீதாப்பழ விதை, புளியங்கொட்டை இவையெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது, படம் நார்மலாகவே வரலாம். ஒரு பக்கம் மட்டும் வீசிங், ஒரு பக்கம் காற்றுக் குறைவு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா என்றால் மூச்சுக்குழாயில் கருவி விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை இன்ஹேலர் பஃப் அடித்தாலும் கடலை கரையாது.

அதேபோல், பகல் முழுக்க வாத்து கத்துவது போல இருமி, தூங்கியதும் அடியோடு நின்றுவிடுகிற இருமல் பெரும்பாலும் பழக்க இருமல். மூச்சு விடாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் கூவலும் வாந்தியும் வந்தால் கக்குவான். வாய் திறந்து தூங்கிக் குறட்டை விடும் பிள்ளைக்கு அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) மூக்கையும் பார்க்க வேண்டும். பிறந்த சில நாளிலிருந்தே ஈர இருமல், விரல் நுனி பருத்தல், பால் குடிக்கும்போது புரையேறல், இருமலில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராகப் பெரிய மருத்துவமனை.

மூச்சுமானி
ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷினில் ஊதி நுரையீரலை அளக்கும் டெஸ்ட் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். ஐந்து ஆறு வயதுக்கு மேல்தான் பிள்ளையால் ஒழுங்காக ஊத முடியும், நாலு வயசுக்கு வீண் செலவு. மூத்த பிள்ளைகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

இருமல் இருக்கும் நாளில் போங்கள். நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் நார்மலாக வரும். நார்மல் ரிப்போர்ட் ஆஸ்துமாவை விலக்காது. மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்புட்டமால் பஃபை 4 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். காலை மாலை அடிக்கும் நீண்டநேர மருந்து என்றால் 24 மணி நேரம். இறுக்கமான உடை வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது. முதலில் ஊதி, பிறகு ஸ்பேசரில் (இன்ஹேலரைச் செருகி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) சால்புட்டமால் 4 பஃப், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். சில இடங்களில் முதல் பாதியோடு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். "மருந்துக்குப் பிறகும் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் எஃப்.இ.வி.1 என்பது முதல் நொடியில் வெளிவரும் காற்று. அந்த உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவு 1.20 லிட்டர் என்று வையுங்கள். மருந்துக்கு முன் 0.98, பின் 1.14. கூடியது 0.16, அது எதிர்பார்க்கும் அளவில் 13 சதவீதம். 12 தாண்டினால் ஆஸ்துமாவுக்கு வலுவான ஆதாரம்.

மெஷின் இல்லாத ஊரில், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவி கைகொடுக்கும். காலை மாலை மூன்று மூன்று முறை ஊதி உயர்ந்ததைக் குறிக்க வேண்டும், இரண்டு வாரம். காலை 150, மாலை 180 என்றால் வித்தியாசம் 30, சராசரி 165, அன்றைய ஏற்ற இறக்கம் 18 சதவீதம். இரண்டு வாரச் சராசரி 13 சதவீதத்தைத் தாண்டினால் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி அதைக் கணக்கில் எடுக்கிறது. ஊதாமலே நோட்டை நிரப்பும் பிள்ளைகள் உண்டு. எல்லா எண்ணும் ஒன்றுபோல இருந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வட்டார_செவிலி
ரத்தத்துல அலர்ஜி பார்க்கிற ஐ.ஜி.இ., ஈசினோபில் (ஒரு வகை வெள்ளணு) எடுத்திருக்காங்க. ரெண்டுமே அதிகமா இருக்கு. அதுல முடிவு சொல்ல முடியாதா?

பிள்ளைமருத்துவம்
முடியாது. அலர்ஜி உடம்பு என்று சொல்லும், அவ்வளவுதான். நம் ஊரில் வயிற்றுப் புழுவும் இரண்டையும் ஏற்றிவிடும். ஈசினோபில் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டி இரவு இருமலும் இருந்தால் யானைக்கால் கிருமியால் வரும் ஈசினோபிலியாவையும் நினைக்க வேண்டும். சின்னக் குழந்தைகளில் அரிது, ஆனால் மருந்து முற்றிலும் வேறு. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் உணவு அலர்ஜிப் பட்டியல் ரத்தப் பரிசோதனை இந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பால், முட்டை, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தி எடை குறைப்பதுதான் நடக்கிறது.

இனி முக்கியமானது, சிகிச்சைச் சோதனை. குறைந்த அளவு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு தினமும், சால்புட்டமால் தேவைப்படும்போது மட்டும். இங்கே பொதுவாக எழுதுவது பியூடெசனைட் 100 மைக்ரோகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று. எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதன் பிறகு *நிறுத்த வேண்டும்.* நிறுத்தியதும் இருமல் திரும்பி, மறுபடி தொடங்கியதும் அடங்கினால் அதுதான் ஆஸ்துமா என்பதற்கான ஆதாரம். நிறுத்திய பிறகும் வரவில்லை என்றால், இருமல் தானாகவே போயிருக்கிறது, மருந்தால் அல்ல. அந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா என்று முத்திரை குத்தக் கூடாது. இந்த நிறுத்தும் தேதி சீட்டில் இல்லாததால்தான் ஒரு பக்கம் தேவையில்லாத பிள்ளை இரண்டு வருஷம் பஃப் அடிக்கிறது, இன்னொரு பக்கம் தேவைப்படும் பிள்ளை "கொஞ்சம் சரியாயிடுச்சு" என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறது.

தென்னந்தோப்பு
> எட்டு முதல் பன்னிரண்டு வாரம்

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. விசில் கேட்ட இந்தப் பிள்ளைக்குச் சரி. ஆனால் விசிலும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை, வறட்டு இருமல் மட்டும்தான் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திலேயே திரும்பப் பார்க்க வேண்டும். மாற்றமே இல்லை என்றால் டோஸைக் கூட்டாமல் மருந்தை நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். "காஃப் வேரியண்ட்" (இருமல் மட்டுமே காட்டும் ஆஸ்துமா) என்ற சொல் கைக்கு எளிதாக இருப்பதால் அதிகம் பயன்படுகிறது.

பிள்ளைமருத்துவம்
ஏற்கிறேன். இருமல் மட்டும் என்றால் குறுகிய சோதனை. இந்தப் பிள்ளைக்கும் நான்காவது வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். மாற்றமில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது மருந்து உள்ளே போகிறதா என்பதைத்தான்.

மருந்துக்கடை_மேசை
அதற்குத்தான் காத்திருந்தேன். பஃப் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்களிடம் செய்து காட்டச் சொன்னால் பெரும்பாலும் தவறு கையில்தான் இருக்கும். நாலு வயசுக்கு இன்ஹேலர், ஸ்பேசர், முகத்துக்குச் சரியான அளவு மாஸ்க் மூன்றும் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் வாயில் நேராக அடித்தால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும்.

பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். புதியது, அல்லது ஒரு வாரத்துக்கு மேல் தொடாதது என்றால் முதலில் காற்றில் இரண்டு மூன்று அடித்துவிடுங்கள். ஸ்பேசரின் பின்புறம் நிமிர்ந்த நிலையில் செருகி, மாஸ்கை மூக்கும் வாயும் மூடும்படி கன்னத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஒரே ஒரு பஃப். பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விடட்டும், வால்வு அசைவதைப் பார்த்து எண்ணுங்கள். அடுத்த பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி ஒன்று. இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில் படிந்துவிடும்.

அழும்போது கொடுத்தால் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாது. அழுகையில் பெருமூச்சு இழுக்கும், மருந்து நன்றாகப் போகும் என்பது தவறான நம்பிக்கை. முதல் நாள் காலி மாஸ்கைப் பொம்மைக்கு வைத்து விளையாட விடுங்கள்.

புது ஸ்பேசரின் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், மருந்தை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப் இரண்டு சொட்டு விட்டு அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை. துடைத்தால் மின்சாரம் திரும்பி வந்துவிடும். ஸ்டீராய்டு பஃபுக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வைத்து, மாஸ்க் பட்ட இடத்தைத் துடைத்துவிடுங்கள், வாயில் வெள்ளை படியாது.

அதிகம் நடக்கும் தவறு, இரண்டு மருந்தையும் மாற்றிவிடுவது. தினமும் அடிக்க வேண்டிய ஸ்டீராய்டை இருமல் வந்தால் மட்டும் அடிக்கிறார்கள், சால்புட்டமாலைத் தினமும் மூன்று வேளை. இரண்டு டப்பாவிலும் மார்க்கரால் "தினமும்", "இரைத்தால் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். திறந்த தேதியையும் எழுதுங்கள். 200 பஃப் டப்பா, நாளுக்கு இரண்டு என்றால் 100 நாள். அதற்குப் பிறகும் புஸ் என்று வாயு வரும், மருந்து இருக்காது.

வட்டார_செவிலி
"ஸ்டீராய்டா? பழகிடுமே, வளர்த்தி நின்னுடுமே"ன்னு பாட்டி பயப்படுறாங்க. நெபுலைசர் வாங்கிடலாமான்னும் கேட்கிறாங்க.

பிள்ளைமருத்துவம்
பழகாது. பல வருஷம் தினமும் எடுத்த பிள்ளைகளில் கடைசி உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம். கட்டுப்படாத இளைப்பும் வளர்த்தியைக் குறைக்கும். வாய்வழி ஸ்டீராய்டு அடிக்கடி தேவைப்பட்டால் அது இன்னும் அதிகம். பாட்டிக்கு மைக்ரோகிராம், மில்லிகிராம் வித்தியாசத்தைச் சொல்லுங்கள். இந்தப் பஃபில் ஒரு நாளுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. நெபுலைசர் தேவையில்லை. ஸ்பேசரும் மாஸ்கும் அதற்குக் குறையாத வேலை செய்யும், கரண்டும் வேண்டாம்.

மருந்துக்கடை_மேசை
சிரப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சால்புட்டமால் சிரப் கை நடுக்கமும் படபடப்பும் தரும், பஃபைவிட மெதுவாக வேலை செய்யும். மான்டெலூகாஸ்ட் என்ற அலர்ஜி மருந்து கலந்த சிரப்பை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். கெட்ட கனவு, எரிச்சல், சுபாவ மாற்றம் வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை போட்டது. பிள்ளை திடீரென்று மூர்க்கமானால் டாக்டரிடம் சொல்லுங்கள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப்பால் பிள்ளைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்குள் இருமல் சளி சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கூடத்துத்_திண்ணை
மருந்தோடு வீட்டுப் புகையையும் பாருங்கள். தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்துவது, படுக்கையறையில் விடிய விடியக் கொசுவர்த்தி, பூஜை அறை ஊதுபத்தி, வாசலில் புகைபிடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்குவது. சோதனை நடக்கும் மூன்று மாதமும் இவை அப்படியே இருந்தால், மருந்து தோற்றதா புகை வென்றதா என்று தெரியாது. மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே புகையை நிறுத்துங்கள். சில வீடுகளில் அதிலேயே இருமல் பாதியாகும். கொசுவுக்கு வலை. பஞ்சுத் தலையணையை வெயிலில் காயவைப்பது நல்லது, ஆனால் உறையை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவைப்பதுதான் முக்கியம். ஒட்டடை அடிக்கும்போது பிள்ளை வெளியே இருக்கட்டும்.

மூச்சுமானி
அவசர அளவும் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். இரைத்தால் சால்புட்டமால் 2 பஃப், ஒவ்வொன்றாக. தேவைப்பட்டால் 20 நிமிடம் விட்டு மறுபடி, இன்னொரு 20 நிமிடம் விட்டு மறுபடி. இரண்டு மணி நேரத்துக்குள் 6 பஃபுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவமனை. விலாவுக்குக் கீழே குழி விழுவது, பேச முடியாமை, உதடு நீலம், சோர்ந்து மயங்குவது தெரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, வழியிலும் பஃப் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டால் வேகம்.

வட்டார_செவிலி
எக்ஸ்ரே நார்மல். டாக்டர் பஃப் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆனா சீட்டுல "அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்"னு இருக்கு. ஆஸ்துமான்னு எழுதினா பெண் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணத்துல பிரச்சினை வரும்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்களாம்.

பிள்ளைமருத்துவம்
வீட்டாரின் பயம் புரிகிறது, சிஸ்டர். ஆனால் நடு ராத்திரி வேறு ஊர் அவசரப் பிரிவில் அந்தச் சீட்டைக் காட்டினால் "பிராங்கைட்டிஸ்" என்று பார்த்து ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். இப்போதைக்கு "ஆஸ்துமா சந்தேகம், சிகிச்சைச் சோதனையில்" என்று எழுதச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட, இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கூடவே மூன்று தேதி வேண்டும்: தொடங்கிய நாள், நான்காவது வாரப் பார்வை, நிறுத்தும் நாள். நிறுத்தும் நாள் எப்போது வருகிறது?

வட்டார_செவிலி
பன்னிரண்டு வாரம்னா மார்கழி நடுவுல.

பிள்ளைமருத்துவம்
அப்போது நிறுத்த வேண்டாம். பனி, ஊரெல்லாம் சளி, பின்னாலேயே போகிப் புகை. இருமல் திரும்பினால் எதனால் என்று பிரிக்க முடியாது. டாக்டரிடம் கேட்டுத் தை பாதிக்குத் தள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளைக்குச் சளி இருக்கக் கூடாது. நிறுத்தியதிலிருந்து தினமும் இரவு இருமல் எத்தனை தடவை என்று மட்டும் அம்மா காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வரட்டும், சால்புட்டமால் டப்பா கையிலேயே இருக்கட்டும்.

வட்டார_செவிலி
காலண்டர்ல தை 15-ஐ வட்டம் போடச் சொல்லிட்டேன். ஸ்பேசர் இன்னும் வாங்கலை, நாளைக்குக் காலையில அம்மாவோட நானும் கடைக்குப் போறேன். மாஸ்கை முகத்துல வச்சுப் பார்த்துதான் வாங்குவோம்.